ராகிக்குக் கயிறு பழக்கிய நாட்கள்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். தோல் சரக்கு இன்னும் காயவில்லை என்று டேனரி இஸ்மாயில் பாய் போன். இரண்டு நாள் தள்ளும் என்றார். தள்ளட்டும்.

சுகர் 218. வீட்டுக்காரி எஸ்தரிடம் 180 என்று சொன்னேன்.

நாய்க்குட்டிக்கு இன்று கயிறு பழக்க ஆரம்பம். மூன்று மாதம் இருக்கும். தாய் நாய் போன மாதம் பைபாஸில் லாரியில் அடிபட்டுப் போனது. நம் கோடவுன் பின்னால் நான்கு குட்டி. மூன்றை யார் யாரோ எடுத்துப் போனார்கள். மிஞ்சியதை எஸ்தர் முந்தானையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டாள். "கழிச்சுப் போட்ட சரக்கு" என்று நான் சொன்னதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கேழ்வரகு நிறம். அதனால் ராகி. பொட்டை.

தினம் நாற்பது நிமிடம் நடக்கச் சொல்லி டாக்டரம்மா ஒரு வருடமாகத் திட்டுகிறார். நான் நடந்ததில்லை. எஸ்தர் யோசனை இது: நாயை நான் கூட்டிப் போனால் நானும் நடந்தாக வேண்டும்.

கயிறு கடையில் வாங்குவதா? முப்பத்தைந்து வருடமாகத் தோலில் கிடக்கிறேன். நல்ல எருமைத் தோலாக எடுத்து முக்கால் அங்குல அகலத்தில் ஐந்தடி வார் வெட்டினேன். பித்தளைக் கொக்கி. தையல் கோடவுனில் செல்வி போட்டுக் கொடுத்தாள். வெளிநாட்டில் இதை ஷோரூமில் தொங்கவிடுவார்கள்.

மாலை 5.30. தெருவில் இறங்கினோம். நாலடி நடந்தது. உட்கார்ந்தது. வாரைத் திரும்பிப் பார்த்தது. முகர்ந்தது. அப்படியே படுத்துக்கொண்டு தின்ன ஆரம்பித்துவிட்டது.

தோல் மெத்தென்று இருக்க மீன் எண்ணெய் ஏற்றுகிறோம். இந்த ஊரில் யாருக்கும் தெரிந்த விஷயம். நாய்க்கு அது கருவாடு என்று எனக்குத்தான் தோன்றவில்லை.

எதிர்வீட்டம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு: "இன்னாண்ணா, தீனியையே கயிறாக் கட்டி இட்டுக்குனு போறீங்க?"

ஐந்தடி வார் இப்போது மூன்றடி.


நவம்பர் 4, செவ்வாய்

மழை இல்லை. வெயிலும் இல்லை.

மாட்டு மருந்துக் கடையில் நைலான் கயிறும் கழுத்துப் பட்டையும் வாங்கினேன். பச்சை நிறம். தோல் ஊர்க்காரன் நைலான் வாங்குகிறான் என்று கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

பெங்களூரிலிருந்து மகள் ஜெனி வாய்ஸ் மெசேஜ்: "அப்பா, ஒரே ரூல்தான். கயிறு டைட்டாச்சின்னா உடனே நின்னுடணும். லூசாச்சின்னா நடக்கணும். இழுத்தா ரோடு நின்னுடும்னு அதுக்குப் புரியணும். நீ இழுக்கவே கூடாது. சும்மா நில்லு, போதும்."

எளிது. இறுகினால் நில். தொய்ந்தால் நட.

வாங்க வேண்டியவை: கெய்சர் பியூஸ், புளி, எஸ்தருக்கு மூட்டுத் தைலம், நீலச் சாக்பீஸ் ஒரு பெட்டி.


நவம்பர் 5, புதன்

சுகர் 204.

எளிது இல்லை. கா. 6.10க்கு இறங்கினோம். ரயில்வே லைன் ஓரமாகப் பால் பூத் வரை. ஜோலார்பேட்டை பக்கமிருந்து கூட்ஸ் வண்டி வந்தது. ராகி மிரண்டு ஓடிற்று. திரும்பிப் பார்த்தால் தொண்டை இறுகி இருமுகிறது. எப்போது இழுத்தது, எப்போது இறுகியது? எனக்குத் தெரியவே இல்லை. உடனே நின்றேன். இருமல் வந்த பிறகு நிற்பது உடனே ஆகாது.

இந்த நைலான் எடையே இல்லாத சாமான். கையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

குட்டி முரடு. சொன்னால் கேட்காத ஜாதி.


நவம்பர் 6, வியாழன்

சரக்கு வந்துவிட்டது. மாட்டுத் தோல், அறுநூறு. பதனிட்டுக் காய வைத்தது, சாயம் இனிமேல்தான். ஒவ்வொன்றையும் மேஜையில் விரித்து, தடவி, பிடித்துப் பார்த்து ஏ, பி, சி என்று பிரித்து, ஏ போட்டதில் மட்டும் பின்பக்கம் மூலையில் என் குறி போட வேண்டும். நீலச் சாக்பீஸில் இரண்டு கோடு, ஒரு புள்ளி. அந்தக் குறி இருந்தால் ஷூ பேக்டரியில் பண்டலைப் பிரிக்காமல் உள்ளே எடுத்துக்கொள்வார்கள். இந்தப் பக்கத்தில் நாலைந்து பேர் குறிக்குத்தான் அந்த மரியாதை. பதினைந்து வயதில் ஈரத் தோலைப் பலகையில் ஆணி அடித்து ஆரம்பித்தவனுக்கு இது சும்மா வரவில்லை.

பாய் ஸ்கூட்டரில் வந்து தேநீர் குடிக்காமல் நின்றார். அது அவர் வழக்கமில்லை.

"சாமு, பதினஞ்சாம் தேதி லோடு ஏறணும். இந்த வாட்டி ஏ கிரேடுல ஒரு தோல் சொதப்பினாலும் அடுத்த ஆர்டர் கெடையாதுன்னு பேக்டரிக்காரன் சொல்லிட்டான். எங்கிட்ட வேற பார்ட்டி இல்ல. டேனரிய மூடிட்டு நாப்பது பேர ஊட்டுக்கு அனுப்பணும்."

"என்னிக்காவது சொதப்பி இருக்கனா பாய்?"

"அதுக்குத்தான் உங்கிட்ட போட்டேன். உன் கை, என் தூக்கம்."

இன்று நூற்றைம்பது பார்த்தேன். செல்வி மடித்து எண்ணிக் கட்டினாள். நம்மிடம் வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. கணவன் இல்லை. நாற்பது வயது இருக்கும். பேச்சுக் கம்மி.

மழைக் குளிரா தெரியவில்லை, விரல் நுனி மரத்த மாதிரி. கால் மரத்து இரண்டு வருடம் ஆகிறது, அது பழகிவிட்டது. கை வேறு. நீவிவிட்டுக்கொண்டு வேலை பார்த்தேன்.


நவம்பர் 7, வெள்ளி

குட்டி கயிற்றைப் பார்த்ததும் கட்டிலுக்கு அடியில் போகிறது. பிஸ்கட் காட்டினேன். பிஸ்கட்டை மட்டும் எட்டி வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. வியாபாரி.

சுகர் பார்க்கவில்லை.


நவம்பர் 8, சனி

இன்று எஸ்தர் கூட வந்தாள். முதலில் நான். வழக்கம் போல இழுப்பு, இருமல், உட்கார்ந்துகொள்வது. பால் பூத்தில் நாலு பேர் பார்க்கிறார்கள். பூத்துக்காரர்: "சார், நாயி உங்கள இட்டுக்குனு வருதா, நீங்க நாயை இட்டுக்குனு வரீங்களா?"

எஸ்தர் கயிற்றை வாங்கினாள். அவளுக்கு ரூல் கூடச் சரியாகத் தெரியாது. ஐந்து நிமிடத்தில் ராகி அவள் புடவை ஓரத்தோடு நடக்கிறது. கயிறு ஊஞ்சல் மாதிரி தொங்குகிறது. ரேஷன் கடை வரை போய்த் திரும்பி வந்தார்கள்.

"உன்கிட்ட மட்டும் எப்டி வருது?"

"நான் இன்னா பண்ணேன்? லேசா இழுக்குது, நின்னேன். உடனே அதுவும் நின்னுச்சி. நீங்க நிக்கவே மாட்டறீங்க. அது கழுத்து முறியற வரைக்கும் போய்க்கினே இருக்கீங்க."

"லேசா இழுத்தா யாருக்குத் தெரியும்?"

எஸ்தர் என் கையைப் பார்த்தாள். நான் கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.


நவம்பர் 9, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. எஸ்தர் மட்டும் போனாள். பாட்டுக் குழுவில் இன்று அவள் முறை.

குட்டியைக் குளிப்பாட்ட உட்கார்ந்தேன். என்னிடம் வரவில்லை. எதிர்வீட்டம்மா வந்து பிடித்துக் கொடுத்தார்கள். பச்சைப் பட்டையைக் கழற்றினால் கழுத்தைச் சுற்றி மயிர் உதிர்ந்து ஒரு சிவந்த கோடு. ஒரு இடத்தில் தோல் உரிந்து ஈரம்.

அந்தக் கோட்டை எனக்குத் தெரியும். மாட்டுத் தோலில் கழுத்துப் பக்கம் இதே இடத்தில் வரும். கயிறு போட்டு இழுத்த மாடு. புண் ஆறினாலும் பதனிட்டபின் வடு பளிச்சென்று தெரியும். எத்தனை ஆயிரம் தோலில் பார்த்து, "எவன்டா இப்டி இழுத்தவன்" என்று திட்டி, பி போட்டு ஒதுக்கியிருப்பேன்.

மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் போட்டேன். கை வைத்ததும் நடுங்கிற்று. என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நடுங்கிற்று.

மத்தியானம் சாப்பிடவில்லை. எஸ்தர் கேட்டதற்குச் சுகர் ஜாஸ்தி என்றேன். அதாவது உண்மை சொன்னேன்.


நவம்பர் 11, செவ்வாய்

எழுதுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

இன்று மதியம் வரை முந்நூற்றுத் தொண்ணூறு முடிந்தது. ஏ அடுக்கில் இருநூற்றுப் பன்னிரண்டு. எண்ணிவிட்டுத்தான் சாப்பிடப் போனேன். பாதி வழியில் மழை. குடையை மறந்துவிட்டேன், திரும்பினேன்.

கோடவுனில் செல்வி தனியாக இருந்தாள். என் ஏ அடுக்கிலிருந்து ஒரு தோலை உருவி, ஈரத் துணியால் என் குறியைத் துடைத்து, பி அடுக்கில் வைத்தாள். அடுத்ததைப் பிடித்துப் பார்த்தாள், அதே இடத்தில் திருப்பி வைத்தாள். அடுத்தது. அதைத் துடைத்தாள்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. யாருக்கோ நல்ல தோலை மாற்றி விடுகிறாள் என்றுதான் முதலில் தோன்றியது. பன்னிரண்டு வருடம் சோறு போட்ட இடத்தில்.

"இன்னா பண்ற நீ?"

துணி கையிலிருந்து விழுந்தது. ஓடவில்லை, அழவில்லை.

"காலித் தோலுண்ணா. மேல நல்லா இருக்குது. உள்ள ஒண்ணுமில்ல."

"நான் பாத்து ஏ போட்டது!"

"ஆமாண்ணா."

"எத்தினி நாளா நடக்குது இது?"

"பொங்கலுக்கு முன்னாலேர்ந்து."

பத்து மாதம். பதினொரு லோடு. மனதில் ஓட்டிப் பார்த்தேன். பதினொன்றிலும் ஒரு புகார் வரவில்லை. என் கை இன்னும் நிற்கிறது என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

"ஏன் சொல்லல?"

"எப்டிண்ணா சொல்றது? மொதல்ல ரெண்டு மூணுதான் மாறிச்சி. அசதின்னு நெனச்சேன். அப்பறம் ஜாஸ்தியாச்சி. உங்க குறி கெட்டுப் போயிடக் கூடாதுன்னு..." நிறுத்திக்கொண்டாள்.

"நீ மடிக்கிறவ. உனக்கு இன்னா தெரியும் தோலப் பத்தி?"

இதைச் சொன்னேன். எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. சொன்னது சொன்னதுதான்.

அவள் இரண்டு தோல் எடுத்து மேஜையில் போட்டாள். "கோவப்படாதீங்கண்ணா. கண்ண மூடிக்கினு வயித்துப் பக்கம் புடிச்சிப் பாருங்க. ஒண்ணு காலி."

மூடினேன். பிடித்தேன். முப்பத்தைந்து வருடம் இதில்தான் சோறு தின்றேன். தோல் உள்ளே நிறைந்திருந்தால் விரலைத் திருப்பித் தள்ளும். காலித் தோல் தள்ளாது, மடங்கிப் போகும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். கட்டை விரலை அழுத்தி நின்றேன். கனமான சாக்குப் பைக்கு மேலிருந்து எதையோ தொடுவது போல் இருந்தது. கைக்கு ஒன்றும் வரவில்லை.

இடப் பக்கம் என்றேன்.

அவள் வலப் பக்கத்துத் தோலை எடுத்து பி அடுக்கில் வைத்தாள். அதிலிருந்தே தெரிந்துகொண்டேன்.

மீதி இருநூற்றுப் பத்தை இன்று தொடவில்லை. மழை என்று சொல்லிக் கதவைப் பூட்டினேன்.


நவம்பர் 12, புதன்

கோடவுனுக்குப் போகவில்லை.

ராகி என்னைக் கண்டால் எழுந்து போகிறது. முரடு, சொன்னால் கேட்காத ஜாதி என்று போன புதனன்று எழுதியிருக்கிறேன். அடித்து அழிக்கலாமா என்று பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும்.

நேற்று மாலையிலிருந்து யோசித்த வழிகள். வியாபாரி புத்தி, வரிசையாகத்தான் வரும்:

1. யாருக்கும் சொல்லாமல், செல்வி பின்னால் திருத்த, என் குறியிலேயே ஓட்டுவது. பத்து மாதம் ஓடியது, இன்னும் ஓடும். அவளும் சொல்ல மாட்டாள்.
2. தொழிலை விட்டுவிடுவது.
3. பாயிடம் சொல்வது. பாய் என்ன செய்வார் என்று தெரியாது. இருபத்திரண்டு வருட தோஸ்த்.

ஒன்றாவது வழி நேற்று மிகவும் பிடித்திருந்தது. இன்று மத்தியானம் வரை பிடித்திருந்தது. அவளுக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தால் பாயின் நாற்பது பேர் என்ன ஆவார்கள் என்று யோசித்தபோது விட்டுப்போயிற்று.

இன்னொன்றும் எழுத வேண்டும். ஆகஸ்டில் டாக்டரம்மா விரல் நுனியில் நூல் மாதிரி ஒரு நைலான் குச்சியால் தொட்டு, "கண்ண மூடிக்குங்க, தெரியறப்ப சொல்லுங்க" என்றார். நான் மூடவில்லை. இமையைத் தாழ்த்திக்கொண்டேன். அவர் முன்னால் குனியும்போதெல்லாம் நாற்காலி கிறீச்சிட்டது. ஒவ்வொரு கிறீச்சுக்கும் "ம்" சொன்னேன். பத்துக்குப் பத்து. பரவாயில்லையே என்றார். வெளியே வந்து எஸ்தரிடம் பெருமையாகச் சொன்னேன்.

சரக்கில் ஏமாற்றியவனை நான் விட்டதில்லை.

மாலை, கயிறில்லாமல் வெறும் தரையில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம். ராகி கட்டிலுக்கு அடியிலிருந்து மூக்கை மட்டும் வெளியே நீட்டியது. கையை நீட்டவில்லை. எஸ்தர் எட்டிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். பிறகு திரும்பி வந்து அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். முட்டி வலியோடு தரையில்.

"விரலு மரத்துப் போச்சி" என்றேன்.

"தெரியும்."

"எப்போலேர்ந்து தெரியும்?"

"சட்டப் பட்டன் நான்தான போட்டு விடறேன். அவசரம் அவசரம்னு சொல்லுவீங்க. மூணு மாசமா தெனம் அவசரமா?"


நவம்பர் 13, வியாழன்

டாக்டரம்மா. இம்முறை நானே எஸ்தரின் கர்ச்சீப்பைக் கேட்டு வாங்கிக் கண்ணைக் கட்டிக்கொண்டேன். டாக்டரம்மா சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

விரல்கள்: பத்துக்கு ஒன்று. உள்ளங்கை: கொஞ்சம். மணிக்கட்டுக்கு மேலே எல்லாம் தெரிகிறது. பேனாவால் கையில் கோடு போட்டுக் காட்டினார். கோட்டுக்கு அந்தப் பக்கம் நான் இல்லை, இந்தப் பக்கம் இருக்கிறேன்.

"திரும்பி வருமாம்மா?"

"போனது வரும்னு நான் வாக்குக் குடுக்க முடியாது. இருக்கறதக் காப்பாத்திக்கலாம். சுகரைப் பொய் சொல்லாம எழுதிக்கினு வாங்க."

எஸ்தர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பஸ்ஸில் முழுக்க விசாரணை. 218, 204 எல்லாம் வெளியே வந்துவிட்டது.

இரத்தப் பரிசோதனை மூன்று எழுதியிருக்கிறார். மாத்திரை மாற்றம். செருப்பில்லாமல் நடக்கவே கூடாது. வெந்நீரை விரலால் தொட்டுப் பார்க்கக் கூடாது, முழங்கையால்.


நவம்பர் 14, வெள்ளி

ஜும்மா முடிந்து பாய் கோடவுனுக்கு வந்தார். வரச் சொல்லியிருந்தேன். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை.

எப்படி ஆரம்பிக்கலாம் என்று நான்கு விதமாக யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"பாய், எனக்கு விரல்ல ஒணர்ச்சி இல்ல. பத்து மாசமா என் செலக்‌ஷன் தப்பு. செல்விதான் திருத்திக்கினு இருந்திருக்கா. எனக்கே செவ்வாக்கெழமதான் தெரியும்."

பாய் என்னைப் பார்த்தார். செல்வியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மடித்துப் பாக்கெட்டில் வைத்தார்.

"நாளிக்கு லோடு சாமு."

"தெரியும்."

"நாளிக்கு லோட வெச்சிக்கினு இன்னிக்குச் சொல்றியா? இத்தினி நாளு எம் பொழப்பு யார் கையில இருந்துச்சி?"

"அவ கையில."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்தார். திட்டினார். உருதுவில் திட்டினார், அது எனக்குப் பாதி புரியும். கடைசியில் தமிழில்: "பேக்டரிக்காரன் ஒத்துக்க மாட்டான். பொம்பள குறி எங்கியாவது கேள்விப்பட்டிருக்கியா? பண்டலப் பிரிப்பானுங்க."

"பிரிக்கட்டும். இத்தினி நாளு பிரிக்காம எடுத்துக்கினதும் அவ செலக்‌ஷன்தான்."

"உங் குறியே போட்டுடேன். யாருக்குத் தெரியப் போவுது?"

இதை அவர் சொல்வார் என்று தெரியும். அவர் இடத்தில் இருந்தால் நானும் சொல்லியிருப்பேன்.

"எனக்குத் தெரியும் பாய்."

செல்விதான் அதிகம் பயந்தாள். "வேணாண்ணா. நான் மடிச்சிக்கினே இருக்கறேன். ஊர்ல இன்னான்னா பேசுவாங்க."

பாய் ஒரு அடுக்கைக் காட்டினார். "எங் கண்ணெதிரே போடு பாக்கலாம்."

இருபது தோல் போட்டாள். பாய் ஒவ்வொன்றையும் வாங்கித் தானும் பிடித்துப் பார்த்தார். பதினேழாவதை அவள் பி பக்கம் தள்ளியதும், "இது ஏ. இன்னாத்துக்குத் தள்ற?" என்றார்.

"வால் பக்கம் பாத்தா ஏ கிரேடுதான் பாய். வயித்துப் பக்கம் புடிங்க."

பிடித்தார். மறுபடி பிடித்தார். பி அடுக்கில் அவரே வைத்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, "தேநீர் சொல்லு" என்றார். மூன்று சொன்னேன். செல்வி இத்தனை வருடம் எங்களோடு கோடவுனில் தேநீர் குடித்ததில்லை. நின்றபடி திரும்பிக்கொண்டு குடித்தாள்.


நவம்பர் 15, சனி

வெயில். கடைசியில்.

கா. 7 முதல் மா. 4 வரை. அறுநூறையும் முதலிலிருந்து. என் குறிகளை எல்லாம் துடைக்க ஒரு வாளித் தண்ணீர். நானே துடைத்தேன். மடித்துக் கட்ட பாய் அனுப்பிய ஆட்கள் செய்வதாகச் சொன்னார்கள், விடவில்லை. கண் பார்வைக்குத் தெரிகிற வடு, வெட்டு, உண்ணிக்கடி மட்டும் நான் பார்த்துச் சொன்னேன். கைவேலை முழுக்க அவள்.

"இன்னா குறிண்ணா போடறது?"

"உன் குறி. நீ முடிவு பண்ணு."

சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். பிறகு மூலையில் 'செ' என்று எழுதினாள். ரேஷன் கடையில் கையெழுத்துப் போடுவது போல, மெதுவாக. நூறு தாண்டியபின் வேகம் வந்துவிட்டது.

ஏ: இருநூற்று எழுபத்தெட்டு. என் கணக்குப்படி போயிருந்தால் முந்நூற்று முப்பது போயிருக்கும். ஐம்பத்திரண்டு காலித் தோல் ஷூவாகி யார் காலிலோ சுருங்கியிருக்கும்.

இனி அவளுக்கு செலக்டர் கூலி. அவள் கேட்கவில்லை. கேட்காதவர்களுக்குக் கொடுக்காமல் விட்டுத்தான் நான் இந்த அளவுக்கு வந்தேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

லோடு 4.40க்குக் கிளம்பியது. பேக்டரியில் பிரிப்பார்களா, எடுத்துக்கொள்வார்களா என்பது திங்கள்தான் தெரியும். பாய் லாரி பின்னாலேயே ஸ்கூட்டரில் பைபாஸ் வரை போனார், எதற்கென்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து சுகர் பார்த்தேன். 176. எஸ்தரிடம் 176 என்றேன். "மெய்யாவா?" என்று மெஷினை வாங்கிப் பார்த்தாள்.


நவம்பர் 16, ஞாயிறு

ஆராதனைக்கு இருவரும். கடைசி பெஞ்சு. வெளியே வரும்போது யாரோ: "சாமு இப்ப பொம்பள ஆளு வெச்சிதான் செலக்‌ஷனாம்." அதற்குள் ஊர் முழுக்க. எஸ்தர் திரும்பிப் பார்த்து, "ஆமா, நல்ல கை" என்றாள். அவ்வளவுதான்.

ராகி கழுத்துப் புண் காய்ந்துவிட்டது. மயிர் இன்னும் வரவில்லை. பச்சைப் பட்டையைத் தூக்கிப் போட்டாயிற்று. எஸ்தர் பழைய காட்டன் புடவையைக் கிழித்து நெஞ்சைச் சுற்றி வருகிற மாதிரி கச்சை தைத்திருக்கிறாள். கழுத்தில் எதுவும் இல்லை.

மத்தியானம் தரையில் உட்கார்ந்திருந்தபோது ராகி வந்து என் கணுக்காலுக்குப் பக்கத்தில் படுத்தது. காலில் அதன் சூடு தெரியவில்லை. கண்ணால் பார்த்ததனால் தெரிந்தது.

டாக்டரம்மா பேனாக் கோடு குளித்தும் முழுக்கப் போகவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு கயிற்றை எடுத்து வந்து, பிடிக்கிற முனையைக் கையில் பிடிக்காமல், கோட்டுக்கு மேலே, முழங்கைக்குக் கீழே சுற்றிக் கட்டச் சொன்னேன். எஸ்தர் மெத்தென்று துணி வைத்துக் கட்டினாள். இறுக்கமாக இருக்கிறதா என்று மூன்று தடவை கேட்டாள்.

"பைத்தியம்னு சொல்லுவாங்க. கைய நாயிக்குக் கட்டிக்கினு போறாருன்னு."

"சொல்லட்டும்."

மா. 5.15. கேட்டைத் திறந்தேன். ராகி வாசலில் தயங்கி என் முகத்தைப் பார்த்தது. நானும் தயங்கினேன். பிறகு அது இறங்கியது. ரயில்வே லைன் ஓரம். வேலியில் ஓணான் ஒன்று.

இழுத்தது. முழங்கைக்குக் கீழே தெரிந்தது. நூல் அளவு.

நின்றேன்.